திரிந்த பாலும் திருந்திய பாலும்

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் கடற்கரைக் கோவிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்துக்கு அருகே அமைந்த கிருட்டிண மண்டபத்துள் சற்று நேரம் நின்று பார்ப்பவர் சிலரே. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் அங்கே கோவர்த்தன மலையைக் கண்ணன் ஏந்தி நிற்கும் காட்சியைப் பாறையில் செதுக்கினர். அதற்கு முன்னே உள்ள தூண் மண்டபம் பின்னாளில், விசயநகர காலத்தில் எழுந்தது. சமயக் கதையைச் சொல்ல வந்த சிற்பி, தான் நாள்தோறும் கண்ட ஆயர்பாடியையே கல்லில் வடித்துவிட்டான். ஒருவன் குந்தி அமர்ந்து பால் கறக்கிறான். கறவைப் பசுவோ தன் கன்றைத் திரும்பி நக்குகிறது. தலையில் பானைகளை அடுக்கிச் சுமந்தபடி ஓர் ஆய்ச்சி நிற்கிறாள். அவளுடைய பானைக்குள் என்ன இருந்திருக்கும்?

இக்கேள்விக்கு விடை தரும் இலக்கியம் அதே தொண்டை நாட்டைப் பாடிய சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு அது. வைகறையில் எழுந்து தயிர் கடைந்து, மோரை ஊர்தோறும் கொண்டுசென்று விற்று, அதன் விலையாகப் பெற்ற பொருளால் தன் சுற்றத்தை உண்பிக்கும் ஆய்மகளை நாம் அங்கே காண்கிறோம். நெய்யை விற்கும்போது மட்டும் அவள் பொன்னை விலையாகக் கொள்வதில்லை; பொன்னுக்கு மாற்றாக எருமையையும் பசுவையுமே கேட்டுப் பெறுகிறாள். செல்வம் என்பது பெட்டியில் கிடக்கும் பொன்னன்று, பால் தரும் உயிர் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து நோக்கும் உருண்டைப் பாறைக்கு மக்கள் 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை' என்று பெயரிட்டதிலும் இந்த ஆயர் வாழ்வின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்னும் ஐந்தும் அவள் பானையில் இருந்தன. மேலை நாட்டு ஆயர்கள் தம் செல்வமாகப் போற்றிய ஆறாவது பொருள் மட்டும் அங்கே இல்லை. அதுவே இன்று நாம் பாலாடைக்கட்டி என்றும் சீஸ் என்றும் வழங்கும் பொருள். அது ஏன் நம்மிடம் இல்லாமற் போயிற்று? பின்னர் எவ்வாறு நம் கரையை வந்தடைந்தது? இன்று அது நம் இல்லத்து அடுப்படிக்குள் நுழையும்போது கிறிஸ்தவர்களாகிய நாம் அதனை எந்த மனத்தோடு ஏற்பது? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

நெய்யின் நாடு

பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். செங்கற்பட்டுச் சீமையின் கோடை வெயிலில் கறந்த பால் காய்ச்சாவிட்டால் அரைநாள்கூடத் தாங்குவதில்லை. பாலைக் காப்பதற்கு உலகம் இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, பாலின் கொழுப்பைப் பிரித்து உருக்கி நெய்யாக்குவது. மற்றொன்று, பாலின் புரதத்தைத் திரட்டி, நீரை வடித்து, உப்பிட்டு, பல நாள் முதிர வைப்பது. முதிர்வதற்குக் குளிர்ந்த, ஈரமான நிலவறை வேண்டும். 10 முதல் 15 பாகை செல்சியசு வரை வெப்பம் இருப்பது நலம். நம் கடற்கரைச் சமவெளியில் அத்தகைய குளுமை ஏது? நெய்யோ, உறியில் தொங்கும் பானையிலேயே பல மாதங்கள் கெடாமல் இருக்கும். எனவே நம் முன்னோர் நெய்யைத் தேர்ந்தது அறியாமையால் அன்று, அறிவால்.

மற்றொரு காரணமும் உண்டு. மேலை நாட்டார் பாலைத் திரட்டுவதற்குப் பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையில் உள்ள உறைபொருளைப் பயன்படுத்தினர். அதனைப் பெறுவதற்குக் கன்றைக் கொல்ல வேண்டும். கன்றை நக்கும் பசுவைக் கல்லில் வடித்துக் கண்கலங்கிய மக்கள் அதனைச் செய்ய ஒருப்படுவரா? போர்ச்சுகல் நாட்டில் முள்ளினச் செடியின் பூவைக் கொண்டு பாலைத் திரட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. பண்டைய நூல்கள் அத்திப்பாலையும் குறிக்கின்றன. இந்தியாவில் இன்று செய்யப்படும் பாலாடைக்கட்டி பெரும்பாலும் நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற உறைபொருளால் திரட்டப்படுவதே.

இவற்றோடு நம் உள்ளத்தில் ஊறிய ஓர் எண்ணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பால் பொங்கினால் நமக்கு மங்கலம். புதுமனை புகும்போது முதலில் பாலையே காய்ச்சுகிறோம். பால் திரிந்தாலோ அமங்கலம். கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், பாலைப் புளிப்பிட்டுத் திரித்து இனிப்புச் செய்யும் முறையைக் கூறுகிறது. எனினும் தமிழகத்தில் அது வேரூன்றவில்லை. பாலை நாம் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் ஆக்கினோமேயன்றித் திரித்து உண்ணத் துணியவில்லை. பண்பில்லாதவன் பெற்ற பெருஞ்செல்வத்துக்கு உவமை தேடிய திருவள்ளுவர், கலத்தின் தீமையால் திரிந்துபோன நல்ல பாலைத்தான் கண்டார். இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்வோம். இறுதியில் அதற்கே திரும்பி வருவோம்.

விவிலியத்தின் பால்கட்டி

விவிலிய நிலமோ வேறு. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வறண்ட மலைச்சரிவுகளில் அலைந்த மக்களுக்குத் தோளில் சுமந்து செல்லத்தக்க உணவு வேண்டியிருந்தது. சாமுவேல் முதல் நூலின் 17ஆம் அதிகாரத்தில், போர்க்களத்திலுள்ள தமையன்மாரைக் கண்டு வருமாறு ஈசாய் தன் இளைய மகன் தாவீதை அனுப்புகிறார். தமையன்மாருக்கு வறுத்த தானியமும் அப்பங்களும். படைத்தலைவனுக்குப் பத்துப் பால்கட்டிகள். கோலியாத்தை வீழ்த்திய கவணையும் ஐந்து கூழாங்கற்களையும் நம் மறைக்கல்விப் பிள்ளைகள் நன்கு அறிவர். அவன் அன்று வீட்டிலிருந்து புறப்பட்டது போர் செய்யவன்று, உணவு கொண்டுசெல்லவே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எளிய ஊழியத்துக்குக் கீழ்ப்படிந்து சென்றவனையே ஆண்டவர் அரிய பணிக்குப் பயன்படுத்தினார்.

யோபு தம் துயரத்தின் ஆழத்தில் இறைவனை நோக்கி, என்னைப் பாலைப்போல் வார்த்துக் கட்டியாக உறையச் செய்தவர் நீர் அல்லவா என்று முறையிடுகிறார் (யோபு 10:10). தாயின் கருவில் மனித உடல் உருவாவதை அவர் பால் உறையும் வியப்போடு ஒப்பிட்டார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் தயிர் என்றே எழுதினர். நம் மக்கள் நாள்தோறும் கண்ட வியப்பு அதுவே அன்றோ!

தொடக்கத் திருச்சபையின் வரலாற்றில் இதைவிட உருக்கமான செய்தி ஒன்று உண்டு. கி.பி. 203இல் கார்த்தேசு நகரில் கிறிஸ்துவுக்காக உயிர் ஈந்த புனித பெர்பேத்துவா, கைக்குழந்தையோடு சிறையில் இருந்தபோது ஒரு காட்சி கண்டார். ஆபத்தான ஏணி ஒன்றில் ஏறிப் பரந்த தோட்டத்தை அடைகிறார். அங்கே நரைமுடி கொண்ட பெரியவர் ஒருவர் ஆயர் உடையில் அமர்ந்து ஆடுகளிடம் பால் கறந்துகொண்டிருக்கிறார். அவர் பெர்பேத்துவாவை மகளே என அழைத்து வரவேற்று, அந்தப் பாலின் கட்டியில் ஒரு வாய் அளவு தருகிறார். பெர்பேத்துவா கைகளைக் குவித்து அதனைப் பெற்று உண்ண, சூழ நின்ற வெண்ணுடையார் அனைவரும் ஆமென் என்கின்றனர். விழித்தபோதும் வாயில் ஏதோ இனிப்பு எஞ்சியிருந்ததாக அவர் தம் சிறைக் குறிப்பில் எழுதியுள்ளார். தாம் இறக்கப்போவது உறுதி என்று அவர் உணர்ந்ததும் அப்போதுதான். தம் குழந்தைக்குப் பாலூட்டி வந்த அத்தாய்க்கு விண்ணகம் பாலின் சுவையாகவே வெளிப்பட்டது. அவருடைய திருநாள் மார்ச் 7. பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளேயே வரும் நாள்.

புனித இப்போலித்துவின் பெயரால் வழங்கும் திருத்தூது மரபு என்னும் பழைய நூலில், எண்ணெய்க்கு உள்ளது போலவே, மக்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் பால்கட்டிக்கும் ஒலிவக் காய்களுக்கும் தனி ஆசியுரை உண்டு. அடுப்படிப் பொருள் பீடத்தருகே செல்லத் தகுதியற்றது என்று அன்றைய திருச்சபை கருதவில்லை.

மடங்களின் நிலவறைகள்

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு, நாற்காலிகளின் இறைச்சியை மிக நலிந்த நோயாளிகளுக்கு மட்டுமே அனுமதித்தது. தம் கைகளின் உழைப்பால் வாழும்போதே அவர்கள் உண்மைத் துறவியர் என்றும் அது உரைத்தது. இறைச்சி இல்லை, உழைப்போ உண்டு, புல்வெளியும் குளிர்ந்த நிலவறையும் உண்டு. பாலாடைக்கட்டிக் கலை மடங்களில் வளர்ந்ததில் வியப்பில்லை. பிரான்சு நாட்டு 'மன்ஸ்டர்' என்னும் வகையின் பெயரே மடம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சியால் நாடு கடந்து சென்ற டிராப்பிஸ்டு துறவியர் 1815இல் திரும்பி வந்து அமைத்த மடத்துக்குப் 'போர் துய் சாலு' என்று பெயரிட்டனர். மீட்பின் துறை என்பது அதன் பொருள். அவர்கள் செய்த கட்டியும் அப்பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது.

பெனடிக்டின் ஒழுங்கில் இல்லறத்தாரும் மனத்தில் பதிக்க வேண்டிய மூன்று நெறிகள் உண்டு. சமையற்கட்டுப் பணியை அனைவரும் வாரமுறையில் ஏற்க வேண்டும் என்பது ஒன்று. மடத்தின் பண்டகக் காப்பாளர் பானை சட்டிகளையும் பீடத்தின் திருக்கலங்களைப்போல் கருத வேண்டும் என்பது மற்றொன்று. கைவினைஞர் தம் திறத்தால் செருக்குற்றால் அப்பணியிலிருந்து விலக்கப்பட வேண்டும். அவர்கள் செய்த பொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்பது மூன்றாவது. கைவினைப் பாலாடைக்கட்டி என்றதும் உயர்ந்த விலையே நினைவுக்கு வரும் இக்காலத்தில், இந்த மூன்றாம் நெறி நம்மைச் சற்றே நாணச் செய்கிறது.

மரக்கலங்கள் கொணர்ந்தவை

நம் கடற்கரைக்கு மீண்டும் வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் துணி வாணிகத்துக்காகக் குடியேறிக் கோட்டை கட்டினர். அவர்தம் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகள் சித்திர வேலைப்பாட்டோடு அங்கே இன்றும் உள்ளன. வடக்கே கோவளத்தில் 1720களில் ஆசுதெந்து வாணிகக் கழகத்தினர் நிலையம் அமைத்தனர். அவர்கள் இன்றைய பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்சுப் பகுதியிலிருந்து வந்தவர்கள். பின்னர் 1808இல் அதே கோவளத்தில் ஜான் டி மாண்டி என்னும் பெருவணிகர் கார்மேல் அன்னையின் கோவிலை எழுப்பினார். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒல்லாந்தரின் இந்தியக் குடியிருப்புகள் ஆங்கிலேயர் வசமாயின.

ஒல்லாந்துக் கப்பல்களின் உணவுக் கிடங்கில் பாலாடைக்கட்டி தவறாத பொருள். நெடுங்கடற் பயணத்தைத் தாங்கும் கெட்டியான உருண்டைகள் அவை. கப்பல்கள் கிழக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. மொலுக்காத் தீவுகளின் கிராம்பு ஒல்லாந்தின் வடபகுதியிலுள்ள பிரீசுலாந்துக் கட்டிக்குள் புகுந்தது. லெய்டன் நகரக் கட்டிக்குள் சீரகம் மணந்தது. கிராம்பிட்ட அக்கட்டிகள் அங்கே இன்றும் விற்கப்படுகின்றன. கொள்ளையும் வாணிகமும் கலந்த அந்த வரலாற்றில், கிழக்கு நாட்டு உழவனின் வியர்வையும் ஐரோப்பிய இடைச்சியின் கைத்திறமும் அறியாமலேயே ஒரு தட்டில் கூடின.

ஆயினும் நம் மக்கள் அதனை ஏற்கவில்லை. இதற்கு மொழியே சான்று. மேசை, அலமாரி, சாவி, சன்னல், பாதிரி ஆகிய சொற்களைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்று நமதாக்கிக்கொண்டோம். பால்கட்டியைக் குறிக்கும் அவர்தம் 'கெய்ஜு' என்னும் சொல் இலங்கையில் சிங்களத்துக்குள் 'கேஜு' என்று நுழைந்து இன்றும் வழங்குகிறது. தமிழோ அச்சொல்லை ஏற்கவில்லை. பொருள் இல்லத்துக்குள் வராத இடத்தில் சொல்லுக்கு என்ன வேலை? வடபுலத்துப் 'பனீர்' அண்மையில் வந்தபோதுகூட, மணநாளில் தெளிக்கும் பன்னீரோடு மயங்கியே அப்பெயர் நம் நாவில் ஏறியது.

எருமை சென்று வந்த பாதை

விடுதலைக்குப் பின்னரே நிலைமை மாறியது. 1927இல் அயனாவரத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு தோன்றிச் சென்னைக்குப் பால் வழங்கத் தொடங்கியிருந்தது. நாடளாவிய மாற்றத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் வர்கீசு குரியன். 1921இல் கோழிக்கோட்டில் சிரியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர் அவர். எருமைப்பாலைப் பால்மாவாக்க இயலாது என்று மேலை வல்லுநர் சாதித்தனர். ஆனந்தில் குரியனுடன் பணியாற்றிய எச்.எம். தலாயா அதனைச் செய்து காட்டினார். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் பயனாக, 1990களின் இறுதியில் இந்தியா உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடாயிற்று.

இங்கே ஓர் இனிய வட்டம் நிறைவுறுகிறது. நீர் எருமை இந்தியத் துணைக்கண்டத்தில் பழக்கப்படுத்தப்பட்ட விலங்கு. அதன் வழித்தோன்றல்கள் இடைக்காலத்தில் இத்தாலியை அடைந்தன. தென்னித்தாலியின் கம்பானியா நிலத்தில் எருமைப்பாலிலிருந்து பிறந்ததே மொசரெல்லா. கப்புவா நகரின் புனித லாரன்சு மடத்துத் துறவியர், திருப்பயணிகளுக்கு அப்பத்தோடு அதனை வழங்கியதாக மரபு கூறுகிறது. இன்று அதே கலை, துறவியர் கைவழியே நம் அண்டை மாநிலத்துக்கு வந்திருக்கிறது. பெங்களூரில் வலம்புரோசா பெனடிக்டின் துறவியர் மொசரெல்லா முதலிய இத்தாலிய வகைகளைச் செய்து விற்கின்றனர். இச்சபையைப் பதினோராம் நூற்றாண்டில் நிறுவியவர் பிளாரன்சு நகரப் புனித ஜான் குவால்பெர்ட். தம் உறவினரைக் கொன்றவனைப் புனித வெள்ளியன்று குறுகிய வழியில் எதிர்கொண்டார் அவர். வாளை உருவியபோது, கொலையாளி இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து மன்றாடினான். ஜான் அவனை மன்னித்தார். பின்னர் அருகிலிருந்த கோவிலுக்குள் சென்று வேண்டியபோது, சிலுவையில் இருந்த ஆண்டவர் தலை அசைத்ததாக வரலாறு சொல்கிறது. பகையால் திரியவிருந்த ஓர் உள்ளம் அருளால் திருந்திய கதை அது.

தமிழ்நாட்டிலும் இக்கலை வேர் கொண்டுவிட்டது. கொடைக்கானலின் குளுமை அதற்கு முதலில் இடம் தந்தது. குளிர்பதன வசதி வந்த பின் வெப்பச் சமவெளியும் தடையாகவில்லை. மாமல்லபுரம் வழியாகப் புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தென்கோடியில், ஆரோவில்லின் 'லா ஃபெர்ம்' பல வகைக் கட்டிகளைச் செய்து வருகிறது. சென்னையில் இரு பெண்கள் 2016இல் தொடங்கிய 'கேசே' என்னும் சிறு நிறுவனம், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு இக்கலையைப் பயிற்றி வேலை அளித்தது. மென்மையாகத் தொட்டும், முகர்ந்தும், பொறுமையாகக் காத்திருந்தும் செய்ய வேண்டிய தொழில் இது. உலகம் குறை என்று ஒதுக்கியவரிடம் அப்பொறுமை நிறைந்திருப்பதைக் காண்பது நற்செய்தியன்றி வேறென்ன?

நம் இல்லத்து அடுப்படியில்

இப்பொருளை நம் உணவோடு இணைப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டுவதில்லை. முதலில் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய திரட்டைச் சொல்வோம். ஒரு லிட்டர் பாலைக் கொதி வந்ததும் இறக்கி, சிறிது நீர் கலந்த இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். இளம்பச்சை நிறத் தெளிநீர் பிரிந்ததும் மெல்லிய துணியில் வடித்தால் ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வரை திரட்டு கிடைக்கும். உப்பு, பொடித்த மிளகு, வறுத்த சீரகம், நறுக்கிய கொத்தமல்லி ஆகியவற்றை அதனோடு பிசைந்து சூடான கேழ்வரகு அடையின்மேல் வைத்து உண்ணலாம். வடித்த தெளிநீரைக் கொட்டிவிட வேண்டா. சப்பாத்தி மாவு பிசையவும், பருப்பு இரசத்தில் நீருக்கு மாற்றாகச் சேர்க்கவும் அது ஏற்றது.

சீரகமிட்ட கெட்டிக் கட்டி கிடைத்தால் தோசையைத் திருப்பிப் போட்டபின் அதனை மெல்லியதாகத் துருவித் தூவி, தீயைத் தணித்து மூடியிட்டால் ஒரு நிமிடத்தில் உருகிப் படியும். மாவில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புது மொசரெல்லாவைத் தக்காளித் துண்டுகளோடு அடுக்கி, சிறிது எண்ணெயும் உப்பும் விட்டு, நம் தோட்டத்துத் திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போடலாம். இத்தாலியர் பயன்படுத்தும் இலையும் அந்த இனமே. உப்புநீரில் இட்ட வெண்கட்டியைக் கொண்டைக்கடலைச் சுண்டலில் தேங்காய்த் துருவலுக்கு மாற்றாக உதிர்த்துப் போட்டால், தனியே உப்பு வேண்டுவதில்லை.

கட்டியை நெகிழித் தாளில் இறுகச் சுற்றாமல் எண்ணெய்த் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பதும், உண்பதற்கு அரைமணி முன்னரே வெளியே எடுப்பதும் சுவையைக் காக்கும். கெட்டி வகையில் பூஞ்சை தோன்றினால் அவ்விடத்தைச் சுற்றி இரண்டரைச் சென்டிமீட்டர் அளவுக்கு அரிந்து நீக்கலாம். மென்வகையில் தோன்றினால் முழுவதையும் எறிந்துவிடுவதே நலம். கருவுற்ற தாய்மார், பதப்படுத்தாத பச்சைப் பாலில் செய்த வகைகளைத் தவிர்க்க வேண்டும்.

ஒருசந்தியும் ஒரு கேள்வியும்

முற்காலத் திருச்சபையில் தவக்காலத்தில் இறைச்சியோடு பால் பொருள்களும் விலக்கப்பட்டிருந்தன. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 'வெண்ணெய்க் கோபுரம்' என்று ஒன்று உண்டு. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்குப் பெற்றவர்கள் அளித்த காணிக்கையால் எழுந்த கோபுரம் என்பதால் அப்பெயர். பிற்கால இலத்தீன் ஒழுங்கு பாலையும் முட்டையையும் அனுமதித்துவிட்டது. எனவே சுத்தபோசன நாளில் பாலாடைக்கட்டி உண்பது சட்டத்துக்கு மாறானதன்று.

சட்டம் அவ்வளவே கூறும். மனச்சான்று அதற்கு மேலும் கேட்கும். ஒரு கிலோ கெட்டிக் கட்டிக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் பால் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்தின் சிற்றூர்களில், விடியலில் கறந்த பால் முழுவதையும் விற்றுவிட்டுத் தம் பிள்ளைகளுக்குப் பாலில்லாத் தேநீர் கொடுக்கும் இல்லங்கள் உண்டு. கடற்கரைச் சாலையின் விடுதிகளில், வெள்ளிக்கிழமை இறைச்சியை ஒதுக்கிவிட்டு, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கட்டி வகைகளை வரவழைத்து உண்டு, ஒருசந்தி காத்தோம் என்று நாம் எழுவோமாயின், பசித்தோருக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடுப்பதே நான் விரும்பும் நோன்பு என்று எசாயாவின் வழியாக உரைத்த ஆண்டவருக்கு (எசா 58) என்ன விடை சொல்வோம்?

இதற்காக நல்ல உணவை வெறுக்க வேண்டும் என்பதன்று. பெர்பேத்துவாவின் ஆயர் தந்த ஒரு வாய்க் கட்டி விண்ணகத்தின் இனிமையாயிற்று. ஈசாயின் பத்துக் கட்டிகள் அன்பின் சுமையாயின. துறவியரின் கட்டி உழைப்பின் மாண்பாயிற்று. பொருள் ஒன்றே, அதனை ஏந்திய கலமே வேறு வேறு. தவக்கால வெள்ளியொன்றில் வீட்டார் அனைவரும் அடுப்படியில் கூடி, பிள்ளைகள் துணியைப் பிடிக்க, ஒரு லிட்டர் பாலைத் திரட்டி அடையோடு உண்டு பார்க்கலாம். பெனடிக்ட் வகுத்த வாரமுறைப் பணி அன்றைக்கு நம் இல்லத்திலும் நடக்கட்டும். விடுதிச் செலவில் மிச்சமான தொகையைப் பால் வாங்க இயலாத ஒரு வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்வது பிள்ளைகளாகவே இருக்கட்டும், தாவீதும் இளையவன்தானே!

வள்ளுவர் கண்ட பால், கலத்தின் தீமையால் திரிந்தது. புளிப்பும் பொறுமையும் அறிந்த கையோ திரியும் பாலையும் உணவாக்குகிறது. செல்வமும் அத்தகையதே. கெடுவதும் நிலைப்பதும் அதனை ஏற்கும் உள்ளத்தைப் பொறுத்தது. மாமல்லபுரத்து ஆய்ச்சி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தலைச்சுமையை இறக்காமல் நிற்கிறாள். அடுத்தமுறை அவள்முன் நிற்கும்போது, அவள் பானையில் என்ன இருந்தது என்று கேட்பதோடு, நம் கலத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்வோம்.